எந்தத் துளியில்

ஐந்தாம் நாளாக மழை.
பலமாடி நிறுத்துமிடத்தில் இடமில்லை என்று
ஈசூனில், அங்சானா மரத்தடியில் விட்ட வண்டி.
விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
முதல் சவாரி, விமான நிலையம்.
ரிவர்ஸ் போட்டேன்.
திரையில் உலகத்தைக் காணோம்.

அங்கே இருந்திருக்க வேண்டும்
மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு,
பச்சைக் குப்பைத் தொட்டி,
யாரோ பூட்டிவிட்டு மறந்த சைக்கிள்.
இருந்ததோ
ஈரச் சாம்பல்.
ஓரத்தில் மட்டும் அது மெல்லச் சுருங்கி
விரிந்தது.

காக்கி புக்கிட் பட்டறையில் டியோ
போன மாதமே நாக்கைச் சப்புக்கொட்டினான்:
தண்ணீர் உள்ளே போயிருக்கும்,
புதுசு மாற்று, முந்நூற்றைம்பது வெள்ளி.
வெள்ளியை நான் சவாரியில் எண்ணுகிறவள்.
பதினெட்டுச் சவாரி,
பெட்ரோல் கழித்தால் இருபத்தேழு.
மாற்றவில்லை.

அதற்குப் பதிலாக வாங்கியது
தண்ணீர் ஒட்டாத பூச்சு.
ஆறு மாதம் நிற்கும் என்று புட்டியில் எழுதியிருந்தது.
இந்த ஊர் மழைக்கு வாசிக்கத் தெரியாது;
ஒன்பதாம் நாள் கழுவிக்கொண்டு போனது.

பள்ளி வேன் ஓட்டும் அங்கயற்கண்ணி சொன்னதுதான்
இன்றுவரை நிற்கிறது:
மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி ஒன்று,
குழந்தைப் பல்துலக்கி ஒன்று,
சின்னப் போத்தலில் வெறும் தண்ணீர்.
முதலில் தண்ணீர் விடு, மணல் போகட்டும்,
பிறகு தொடு.
டிஷ்யூவால் தேய்க்காதே, கீறும்.
அது கோப்பிக் கடையில் இடம் பிடிக்க.

முன் கேமராவின் கதை வேறு.

அக்டோபரில், புக்கிட் தீமா விரைவுச்சாலையில்,
சுமத்ராக் காற்று மழையைப் படுக்கப்போட்டு அடித்த காலை,
ஃபிர்தௌஸின் மோட்டார் சைக்கிள்
என் முன்னால் சறுக்கிக்கொண்டே போனது.
பிரேக்கை மிதித்தேன். நின்றது.
இடிக்கவில்லை.
இடிக்கவில்லை என்று படம் சொல்ல வேண்டும்.

வைப்பர் எட்டாத மூலையில் ஒட்டியிருந்தேன் கேமராவை.
எல்லாம் துளிகள்.
ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு சிவப்பு விளக்கு,
தலைகீழாக ஒரு சாலை.
சத்தம் மட்டும் சுத்தமாகப் பதிந்திருந்தது:
வைப்பரின் முனகல், பிறகு நான், ஐயோ.

காப்புறுதி அலுவலகத்துப் பெண் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள்.
நான்காவது தடவை பாதியில் நிறுத்தி,
பேனா முனையைத் திரையருகே கொண்டுபோய்,
கேலி இல்லாமல்தான் கேட்டாள்:
இதில் எந்தத் துளியில் அவர் இருக்கிறார்?

காரைஎலும்பில் கட்டோடு வந்து
தானாகத்தான் விழுந்தேன் என்று
ஃபிர்தௌஸே எழுதிக் கொடுத்தார்.
நான் வீட்டுக்கு வந்து
வைப்பர் கண்ணாடியில் வரையும் வில்லுக்குள்,
பின்நோக்கும் கண்ணாடிக்கு ஒரு சாண் கீழே,
கேமராவை இடம் மாற்றினேன்.
பழைய பசை வட்டம் இன்னும் மூலையில் இருக்கிறது.
சுரண்டவில்லை.

இன்றைக்கு வருவோம்.
குடை, கைப்பேசி வெளிச்சம், பல்துலக்கி.
இறங்கிப் பின்னால் போய்க் குனிந்தால்
எண் பலகைக்கு மேலே, லென்ஸின் மீது,
கட்டைவிரல் பருமனில் ஒரு நத்தை.
மழைக்கு ஒதுங்க
இந்தத் தீவிலேயே அதற்குக் கிடைத்த
கூரையுள்ள ஓர் அங்குலம்.

இவ்வளவு நேரமும் நான் திரையில் பார்த்தது
அதன் பாதம்.
இத்தனை பெரிதாக
யாருடைய பாதத்தையும் நான் பார்த்ததில்லை.

பிடுங்கினால் ஓடு உடையுமே.
பல்துலக்கியை முன்னால் நீட்டினேன்.
கொம்பு நீட்டி யோசித்தது.
கைப்பேசி இரண்டு தடவை அதிர்ந்தது.
பிறகு ஏறிக்கொண்டது.

புல்லில் இறக்கிவிட்டு, தண்ணீர் விட்டு,
அதன் பசையை இரண்டு தடவை துடைத்தேன்.
உள்ளே வந்து பார்த்தால்
மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு, தொட்டி, சைக்கிள்.
முந்நூற்றைம்பது வெள்ளி.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது ஓரத்தில்
ஒரு துளி வந்து உட்கார்ந்தது.

பதினோரு நிமிடத் தாமதம்.
ஏன் என்று கேட்டார் பயணி, பெட்டியை மடியில் வைத்தபடி.
கேமராவில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார், என்றேன்.

அவர் நிமிர்ந்து
சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.